பாக்கியத்தின் முகமும் என் தண்ணீர்ச் சாயமும்

சலூன் வேலை என்பது ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவருடைய முகத்தோடு பேசுகிற வேலை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அந்த வேலையைச் செய்தே என் தலையும் நரைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் அதிக காலம் இருக்கவில்லை. எழுத்தில் பிழை கண்டால் கத்தரி பிடித்த கை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் எழுதுவது உங்களில் சிலருக்காக. வயது போன காலத்தில் தூரிகையைத் தொட்டுவிட்டு, நனைந்த தாளுக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்காக. ஒரு மனித முகத்தைத் தண்ணீர்ச் சாயத்தில் அச்சொட்டாக வரையப் பழகுகிறவனுக்குத்தான் தெரியும், வெட்கம் எந்த எந்த ரூபத்தில் எல்லாம் வரும் என்று.

எனக்கு இந்தப் படம் வரைகிற வேலை வந்து சேர்ந்த விதம் இது. என் மனைவி பாக்கியத்துக்கு முகவாதம் வந்தது. ஒரு காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது வாயின் ஓரத்தால் வழிந்தது. அதை முதலில் கண்டவள் மகள் ஷர்மிளா. வைத்தியம் பார்த்ததில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அந்தப் பக்கத்துக் கண் முழுதாக மூடாது. ஷர்மிளாவின் கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் தாய் எல்லாப் படத்திலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். ஷர்மிளா டோஹாவுக்குப் போன பிறகு வீடியோ கோல் எடுத்தால், பாக்கியம் போனைக் கூரைக்குத் திருப்பிவிடுவாள். மகள் எங்கள் வீட்டு ஃபேனோடுதான் கதைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவள் எனக்கு மட்டும் தனியாகக் கோல் எடுத்தாள். “அப்பா, கண்ண மூடினா ஃபேன் தான் ஞாபகம் வருது, அம்மா முகம் வரமாட்டேங்குது. போட்டோ எடுக்க விடமாட்டாங்க. நீங்க வரைஞ்சா விடுவாங்க. சலூன் செவத்தில இருக்கிற தலையெல்லாம் நீங்க வரைஞ்சது தானே?”

சுவரில் நான் வரைந்து வைத்திருப்பது, இப்படி வெட்டலாம், அப்படி வெட்டலாம் என்று காட்டுகிற தலைகள். எல்லாவற்றுக்கும் முடி உண்டு, ஒன்றுக்கும் முகம் கிடையாது. அதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் “சரிம்மா” என்று சொல்லிவிட்டேன்.

முடியிலிருந்து தொடங்கியது

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கடை பூட்டு. அன்றைக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடி வீட்டில், பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிற சிங்கள மிஸ் ஒருவர் இருந்தார். அவருடைய தம்பி என்னிடம் முடி வெட்டுகிறவர், அவர்தான் சேர்த்துவிட்டார். போன முதல் நாள் நான் பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். உள்ளே பார்த்தால் அத்தனை பேரும் நல்ல சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் போய்ப் போட்டால் கவனிப்பார்களே என்று அன்றைக்கு முழுக்க என் வெறுங்காலை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன்.

மிஸ் ஒரு வயதானவரின் போட்டோவைத் தந்து பார்த்து வரையச் சொன்னார். மெல்லிய நிறம் முதலில், இருட்டு நிறம் கடைசியில். வெளிச்சம் விழுகிற இடத்தில் சாயமே வைக்கக் கூடாது, தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். பெட்டியில் வெள்ளைச் சாயம் கிடையாது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். காதுக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. என் கைக்கு ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் முதல் வேலை முடி. தூரிகையைக் கறுப்பில் தோய்த்து உச்சந்தலையில் இருந்து தொடங்கினேன். காது ஓரம், பிடரி எல்லாம் படிய வந்தது. எனக்கே சந்தோசம். பிறகு கன்னத்துக்கு ஈரத் தூரிகையைக் கொண்டுபோனேன். அவ்வளவுதான். முடியெல்லாம் கரைந்து நெற்றி வழியாக இறங்கி மூக்கு நுனியில் வந்து சொட்டியது.

மிஸ் என் முதுகுப் பக்கம் வந்து நின்றார். குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

“அங்கிள், ஆள் இன்னும் வரயில்ல. முடி வெட்டி முடிஞ்சி.”

காற்றுப் பிடித்த கதை

ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு வைக்கலாம். காயும்வரை வகுப்பில் எல்லோரும் சும்மா இருப்பார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த செவ்வாய் சலூனில் இருந்து ஹேர் ட்ரையரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். மிஸ் கை தட்டினார். அந்த அறையில் முதல் தடவையாக நானும் ஒரு ஆள். அங்கே கூப்பிட்டார்கள், இங்கே கூப்பிட்டார்கள், ராசா மாதிரிப் போனேன்.

பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், ஓய்வு பெற்ற டொக்டர். காலமாகிவிட்ட தன் கணவரை வரைந்துகொண்டிருந்தார். வகுப்பிலேயே நல்ல படம் அது. கன்னத்தில் சிவப்பு இன்னும் குளம் மாதிரித் தேங்கி நின்றது. “எனக்கும் ஒருக்காப் பிடியுங்கோ” என்றார். நான் கழுவின தலைக்குப் பிடிக்கிற வேகத்தில் பிடித்துவிட்டேன். கன்னத்துச் சிவப்பு ஓடிப்போய்க் காதில் ஏறியது. காதை நிரப்பிவிட்டுத் தாளின் ஓரம் வரை போனது. ட்ரையரை நிறுத்தினேன். சலூனில் கை தவறினால் சொல்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டேன். “வளந்திரும் அம்மா” என்று.

அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, படத்தைப் பார்த்து, இப்படிச் சொன்னார்:

“பரவாயில்லை. அவர் இருக்கேக்கையும் கோவம் வந்தா உந்தக் காதுதான் சிவக்கும்.”

நானாவுக்கு வந்த நிறம்

சலூனிலும் பழகத் தொடங்கினேன். ஆளை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைப் போர்த்திவிட்டு, பின்னால் கொஞ்சம் ஒதுங்கி ஸ்டூல் போட்டு, மடியில் பலகையை வைத்துக்கொள்வேன். முகம் கண்ணாடியில் நன்றாக விழும். எனக்கு அதுதான் வசதி. அவருக்கும் முகம் தெரியும், கதையும் நடக்கும். இரண்டாவது நாற்காலியில் வேலை செய்கிற நிமல் எனக்கு மல்லி, அதாவது தம்பி; அவனுக்கு நான் அய்யே, அண்ணன். “அய்யே, இப்படியே போனா முடி வெட்ட வாறவனெல்லாம் ஓடிருவான்” என்று சிங்களத்தில் சிரிப்பான்.

முதலில் அகப்பட்டவர் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. என் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று ஒரு டியூப் இருந்தது. பிதுக்கினால் பன்றிக்குட்டி நிறம். நம் ஊர் ஆட்களை நினைத்துச் செய்த சாமான் இல்லை அது. அதனால் நானே கலந்தேன். செங்கல் நிறத்தில் கொஞ்சம் மஞ்சள், நிழலுக்குக் கொஞ்சம் நீலம். நீலம் கூடிவிட்டது. அதைக் குறைக்கப் பச்சை போட்டேன், ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். நானா மருதாணி போட்ட தாடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார், பாவம். கடையில் ஆள் காத்து நிற்கிறது என்று இரண்டு தடவை வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை. முடிந்ததும் தாளைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“தங்கராசு, மெய்யாச் செல்லு. இது நானா, அடக்கத்துக்கு வெச்ச என்ட மையத்தா?”

பஸ்ஸில் ஒரு தேடப்படுகிற ஆள்

மிஸ் வீட்டு வேலையாகச் சொன்னது, கண்ணாடியைப் பார்த்து உங்களையே வரையுங்கள் என்று. வரைந்தேன். நெற்றிச் சுருக்கம் எல்லாம் விழுந்திருந்தது. மிஸ்ஸும் நல்லது என்றார். அன்றைக்குப் படத்தைச் சுருட்டவும் மனம் வரவில்லை. பலகையோடு மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற கொட்டாஞ்சேனை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். யாராவது பார்த்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்றிருந்தது. பக்கத்தில் இருந்தவர் துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிற ஆள். படத்தைப் பார்த்தார், பார்த்தார், கோட்டை தாண்டும்வரை பார்த்தார். என் முகம் அவருடைய தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்:

“இவன என்ன குத்தத்துக்குண்ணே தேடுறாங்க? நான் ஜிந்துப்பிட்டியில கண்ட மாதிரி இருக்கு.”

வங்கி ஐயாவும் அவர் வீட்டம்மாவும்

வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எங்களுக்கு நீண்ட காலத்து வாடிக்கை. தலையில் வெட்ட ஒன்றும் இல்லை; கதைக்கத்தான் வருவார். அவருக்கு ஒரு புருவம் எப்போதும் கேள்வி கேட்கிற மாதிரி மேலே நிற்கும். அவரை வரைந்த அன்று எனக்கு எப்படியோ கை வந்தது. வழுக்கையில் வெளிச்சம் விழுந்த இடத்தைத் தாளாகவே விட்டேன். அது உண்மையாகவே மினுங்கியது. புருவமும் ஒரே இழுவையில் விழுந்தது. ஐயா நாற்காலியை விட்டுப் பாய்ந்து எழும்பினார். “ஓமடாப்பா, நான்தான்! காலமை ஷேவ் எடுக்கேக்க பாக்கிற அதே ஆள்!” என்று சத்தம் போட்டு, சாயம் காய முதலே படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றைக்கு நான் முதல் தடவையாக நிமிர்ந்து நடந்தேன் என்று வையுங்கள்.

மூன்றாம் நாள் ஐயாவின் வீட்டம்மா மரக்கறிப் பையோடு கடை வாசலில் வந்து நின்றார். பைக்குள் இருந்து படத்தை எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை, தர்மசங்கடம்தான் இருந்தது. “தம்பி, கோவிக்கக் கூடாது. நல்ல வடிவாத்தான் வரைஞ்சிருக்கிறீர். ஆனா சுவரில கொழுவிப்போட்டு இருக்க ஏலாமக் கிடக்கு. எங்கட வீட்டில உள்ளவர் மாதிரியும் இருக்கு, வேற ஆரோ மாதிரியும் இருக்கு. இந்த மனுசனை எனக்குத் தெரியாது.”

என்ன பிழை என்று நானும் நிமலும் தலையை உடைத்துக்கொண்டோம். சீப்பை வைத்து அளந்து பார்த்தோம். அடுத்த முறை ஐயா வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் படத்தைப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் பார்த்து ஒப்பிட்டோம். ஒரு மயிரளவு பிழை இல்லை. அதற்குப் பிறகு வேறு இரண்டு பேரை வரைந்து கொடுத்தபோதும் இதேதான் நடந்தது. ஆளுக்குப் பிடித்தது, ஆளின் வீட்டுக்குப் பிடிக்கவில்லை. நிமல் கத்தரியைக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

“அவங்க பாக்கிற ஐயா வேற, நாம பாக்கிற ஐயா வேற போல இருக்கு, அய்யே.”

ஒளித்து வைத்த படம்

ஆனாலும் வங்கி ஐயாவின் வழுக்கை மினுங்கியது எனக்குத் துணிச்சலைக் கொடுத்துவிட்டது. பாக்கியத்திடம் உட்காரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. அதனால் அவள் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து, ஞாபகத்தில் இருந்து அவளை வரைந்தேன். வாய்க்கு வந்தபோது தூரிகை நின்றது. பிறகு, நேராகவே வரைந்துவிட்டேன். கண்ணையும் சரியாக்கினேன். சலூன்காரனுக்கு இது கை வந்த பழக்கம். நரை இருந்தால் கறுப்பாக்குவோம், முடி ஐதாக இருந்தால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுத்து மூடுவோம், “ஐயாவுக்கு ஒரு குறையும் தெரியல” என்று பின்கண்ணாடியைக் காட்டாமல் அனுப்புவோம். அதை நல்ல மனது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காயட்டும் என்று பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து அலுமாரிக்கு மேலே போட்டேன். தூசி தட்டும்போது அவள் கையில் அகப்பட்டுவிட்டது. இரவு நான் சாப்பிட உட்கார்ந்தபோது படம் தண்ணீர்ச் செம்புக்குச் சாய்த்து வைத்திருந்தது. அவள் சோறு போட்டாள், கறி வைத்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, படத்தில் இருந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ரசம் கேட்காமலே சோற்றைப் பிசைந்தேன். கடைசியில் அவளே கேட்டாள், சண்டை பிடிக்கிற குரலில் இல்லை, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்:

“நம்ம கல்யாணத்தன்னைக்கு இருந்தவள மகளுக்கு அனுப்பிட்டு, இப்ப இருக்கிறவள எங்க வைக்கப் போறீங்க?”

செவ்வாய்க்கிழமை நாற்காலி

அதற்குப் பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை. ஷர்மிளா கேட்டால், சாயம் முடிந்துவிட்டது, தாள் இல்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். அவளும் ஃபேனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாக்கியம் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். “தலைக்கு டை அடிக்கணும். உங்க கடையில வச்சு அடிச்சு விடுறீங்களா? அந்தச் சாயப் பெட்டியையும் எடுத்துக்கோங்க” என்றாள். இத்தனை வருசக் குடித்தனத்தில் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அவளுக்குத் துணியைப் போர்த்தி, டை பூசினேன். ஊறுகிற நேரத்தில் அவள் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்: “இப்ப வரைங்க. ஆனா நேரா பாக்காதீங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கண்ணாடியில பாத்து வரைங்க.” உள்ளதைச் சொன்னால் எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. அவளுக்கு நோய் வந்த நாளில் இருந்து, அவள் பேசும்போது நான் கோப்பையைப் பார்ப்பேன், ஜன்னலைப் பார்ப்பேன். அவளுக்கு வருத்தம் வரக்கூடாது என்றுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு முடியைக் கடைசிக்கு விட்டேன். கன்னத்துக்கு மெல்லிய பூச்சு ஒன்று. மூடாத கண்ணின் ஈரப் பளபளப்புக்கு ஒரு நெல்லளவு தாளை விட்டேன். இறங்கின வாய் ஓரத்துக்கு ஒரே ஒரு நிழல், ஈரமாக வைத்தேன், திரும்பத் தொடவில்லை. கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனது. தட்டில் இருந்த போத்தல்கள் எல்லாம் கிலுகிலுத்தன. அவள் அசையவில்லை. வரைகிற மும்முரத்தில் டையை மறந்து, கழுவும்போது பார்த்தால் நெற்றியில் கறுப்புக் கோடு ஒன்று அழுத்தமாக விழுந்திருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. படத்தைக் கையில் வாங்கி, தாளைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். இறங்கின இடத்தை விரலால் தொடாமல் தொட்டாள்.

“நான்தாங்க. அப்படியே இருக்கேன். அனுப்புங்க.”

எந்தப் பக்கம்

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, போனில் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்து ஷர்மிளாவுக்கு அனுப்பினேன். உடனே கோல் வந்தது. பாக்கியம் வழக்கம்போல போனைக் கூரைக்குத் திருப்பி மேசையில் வைத்தாள். அந்தப் பக்கம் மகள் அழுதாள், சிரித்தாள், அப்பா அப்பா என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் இழுபட்டது.

“அப்பா, ஒன்னு சொன்னா கோவிப்பீங்களா? பக்கம் மாறிப் போச்சே.”

“என்ன பக்கம்?”

“அம்மாக்கு வாய் இறங்கினது மத்தப் பக்கம்.”

“நான் பாத்து வரைஞ்சதும்மா! உங்கம்மாவே சரின்னு சொன்னா.”

“இல்லப்பா. அன்னைக்கு அம்மாக்கு எதிர்ல உக்காந்து தேத்தண்ணிய தொடச்சு விட்டவ நான்தானே? மூணு மாசமா ஸ்பூன்ல ஊட்டினதும் நான்தானே? என் சோத்துக்கைப் பக்கம் அது. படத்தில பீச்சாங்கைப் பக்கம் இருக்கு.”

பாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை. “என் முகம் எனக்குத் தெரியாதாடி? தெனமும் கண்ணாடியில பாக்கிறேன்!” என்று போனைப் பறித்து எடுத்தாள். ஃபேனில் இருந்து நேரே தன் முகத்துக்குத் திருப்பினாள். “இந்தா, நல்லாப் பாத்துச் சொல்லு, எந்தப் பக்கம்?”

நான் பாக்கியத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கோபத்தில் தாடையை உயர்த்தி வைத்திருந்தாள், மேலே லைட் எரிந்துகொண்டிருந்தது, எனக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடி ஒன்றும் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். அவள் வாய் இறங்கியிருந்தது என் சோத்துக்கைப் பக்கம். மேசையில் கிடந்த படத்தில் அது அடுத்த பக்கம். கண்ணாடியில் தெரிந்ததைத் தெரிந்தபடியே வரைந்திருக்கிறேன், இடது வலது மாறி. வங்கி ஐயாவின் புருவமும் அப்படித்தான். அவர் தன்னைக் கண்ணாடியில் பார்க்கிறவர், அதனால் அவருக்குப் பிடித்தது. அவர் வீட்டம்மா ஆளை நேரே பார்க்கிறவர். அவர் சொன்னதுதான் சரி.

அது சாயத்துப் பிழை. அதற்கு வெட்கப்பட்டுப் பழகிவிட்டேன். மற்றதுக்கு எந்தப் பழக்கமும் உதவவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கிற மகளுக்கு நிச்சயமாகத் தெரிந்த பக்கம், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாராவது வந்து உன் மனைவிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால், நான் படத்தை எடுத்துப் பார்த்துத்தான் சொல்லியிருப்பேன். தாயும் மகளும் இன்னும் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் தொண்டையைச் செருமி, கண்ணாடி விசயத்தைச் சொன்னேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை, அவ்வளவு சின்னதாக வந்தது.

போனில் ஷர்மிளா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “அம்மா,” என்றாள், “இப்ப போன் எங்க பாத்துக்கிட்டு இருக்குன்னு தெரியுதா?”

பாக்கியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கை முந்தானையைத் தேடிக்கொண்டு மேலே எழும்பியது. தாடை வரை வந்து நின்றது. நான் கோப்பையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. என்ன நினைத்தாளோ, அந்தக் கை அப்படியே நெற்றிக்குப் போய் டைக் கோட்டைத் தேய்த்தது.

“நெத்தியில என்னம்மா கறுப்பு?”

“எல்லாம் உங்கப்பாட கைவேலை தான்.”

“அப்ப அந்தப் படத்த என்னம்மா பண்றது?”

பாக்கியம் போனை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தாள்.

“உங்கப்பா கண்ணாடியத்தான் பாத்திருக்காரு. அத விடு. நீ என்னையப் பாரு.”

தாளை நனைத்துக்கொண்டிருக்கிற என் கூட்டாளிகளே, இவ்வளவு வெட்கப்பட்டு நான் படித்தது இதுதான்: முகம் வரைய வேண்டுமென்றால் முதலில் ஆளைத் தன் பக்கம் திருப்ப வேண்டும், அதற்குத் தோதாக என் நாற்காலி சுற்றுகிற நாற்காலிதான் என்பது தினமும் அதைச் சுற்றி வந்த எனக்கு இத்தனை காலமும் தோன்றவில்லை.